முயலின் இடது காது

மடங்க வேண்டியது இடது காது. அதில் மறுபேச்சே கிடையாது. மூத்தவள் உல்லன் நூலில் பின்னும் முயலுக்கு வலது காது விறைப்பாக நிற்கும். இடது காது பாதியில் மடிந்து கன்னத்தைத் தொடும். முதல் முயலைப் பின்னியபோது இடது காதின் நுனியில் கண்ணிகளைக் குறைக்க மறந்துபோய், பாரம் தாங்காமல் அது கவிழ்ந்துவிட்டது. பிரித்துவிடலாம் என்று நூல் நுனியைத் தேடினாள். இளையவள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். "பிரிக்காதக்கா, பக்கத்து வீட்டுச் சண்டைய ஒட்டுக் கேக்குற மாதிரியே இருக்கு" என்றாள். அன்றிலிருந்து எல்லா முயலும் ஒட்டுக் கேட்டது.

அதனால்தான், சலவைக் கடையில் குண்டக்கா போனை நீட்டி, "இந்தா, உன் முயலு ஊரெல்லாம் சுத்துது பாரு" என்றதும் மூத்தவளுக்கு முதலில் பெருமை பொங்கியது. மறு நொடியே அது புளித்துப்போனது. படத்தில் இருந்த முயலுக்கு மடிந்திருந்தது வலது காது.

குண்டக்கா என்பது பெயருக்குத்தான். ஊதினால் பறந்துபோகிற ஆள். கடையில் துணிகளைப் பிரித்து அடுக்குவது அவள் வேலை. ஆவி பீறிடும் இஸ்திரி மேசையில் நின்று சட்டைகளைத் தேய்ப்பது மூத்தவள் வேலை. அந்த ஆவியில் நின்று நின்று அவளுக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டது. இடது கட்டைவிரலுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி இழுத்த தழும்பு ஒன்று, கோணலாக, பளபளவென்று கிடக்கிறது.

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். மெயின் ரோட்டில் உள்ள கைவினைப் பொருள் கடையின் விளம்பரம் அது. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகள். வலது கையில் குரோஷா ஊசி, இடது கையில் முடியும் தறுவாயில் ஒரு முயல். கீழே எழுதியிருந்தது: 'இந்த முயல்களைப் பின்னும் கைகள் இனி உங்களுக்கும் கற்றுத்தரும். எங்கள் கடை மாடியில் பின்னல் வகுப்பு ஆரம்பம்.'

"இது என் முயல் இல்ல" என்றாள் மூத்தவள். "காது மாறியிருக்கு பாரு. எவளோ நம்ம படத்தப் பாத்து காப்பியடிச்சிருக்கா. அடிச்சதுதான் அடிச்சா, காதையாவது ஒழுங்கா அடிச்சாளா?"

"காது எந்தப் பக்கம் மடங்குனா என்ன? முயலு முயலுதானே?"

"உன் மூக்கு முதுகுல இருந்தா நீயும் குண்டக்காதான். யாராவது கட்டிப்பாங்களா?"

குண்டக்கா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூத்தவள் படத்தை விடவில்லை. "கையைப் பாரேன், வெண்ணெய்ல செஞ்ச மாதிரி. ஒரு சூடு உண்டா, ஒரு கீறல் உண்டா? வேலை செய்யற கையா இது? அடுத்தவ உழைப்பத் திருடுற இந்தக் கை விளங்காமப் போக!"

சொன்ன பிறகு கொஞ்சம் ஆறியது. ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. திருடு போனது வெறும் முயல் இல்லை. நாலு பேரை உட்கார வைத்து, பின்னக் கற்றுக் கொடுத்துப் பிழைக்க வேண்டும், இந்த ஆவியிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பது அவள் வெகு நாளாகக் கண்டுவரும் கனவு. அதை அவள் இளையவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். எவளோ முகம் தெரியாதவள் முயலோடு சேர்த்து அந்தக் கனவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூத்தவளும் இளையவளும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி கீழ்வீட்டில், தம்பி பெண்டாட்டி மாடியில். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பது ஊர்க் கணக்கு. இவர்கள் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்கள். மூத்தவளுக்கு எல்லாமே இடது கைதான். பள்ளிக்கூடத்தில் அதற்காக ஸ்கேலால் வாங்கிய அடியில் சுண்டு விரல் கணு பிசகி, இன்றைக்கும் அது வெளிப்பக்கம் பார்த்துத்தான் நிற்கும். கல்யாணமாகி வந்த பிறகு அந்த ஸ்கேலின் வேலையை மாமியாரின் நாக்கு பார்த்துக்கொண்டது. "நொட்டாங்கை தொட்டது எது உருப்பட்டுச்சு?" என்பாள் எடுத்ததற்கெல்லாம். மூத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். பிறகு இளையவள் மருமகளாக வந்தாள். வந்த வாரமே, புதுப்பெண் என்ற கூச்சம்கூட இல்லாமல், "அத்தை, வேலை முடியுதா இல்லையான்னு பாருங்க. எந்தக் கைன்னு வேலைக்கா தெரியப் போகுது?" என்று கேட்டுவிட்டாள். மாமியாருக்கு வாயடைத்துப்போயிற்று. அன்றைக்கே இளையவள் மூத்தவளின் மனசுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூடப் பிறக்காததுதான் குறை.

மூத்தவள் அவளுக்குப் பின்னலும் சொல்லிக் கொடுத்தாள். வலது கைக்காரிக்கு இடது கைக்காரி எப்படிச் சொல்லித் தருவது? பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் எதிரெதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். இவள் இடது கையால் செய்வதை அவள் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது கையால் செய்தாள். இளையவளுக்குப் பொறுமை போதாது. ஒரு கோஸ்டர் பின்னுவாள், ஒரு தொப்பி பின்னுவாள். முயல் என்றால் கழுத்துக்கு மேல் வராது. "எனக்கு மொண்டம்தான் வரும்க்கா, தலைக்கு நீதான்" என்று மூத்தவளிடம் தள்ளிவிடுவாள்.

ஆனால் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முதலில் எடுத்த படம் படுகேவலம். ட்யூப்லைட்டுக்குக் கீழே, பூப்போட்ட போர்வையில் முயலை உட்கார வைத்து எடுத்தார்கள். காமாலை கண்ட எலி மாதிரி விழுந்திருந்தது. இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். பிறகு இளையவள் விடாமல் பழகினாள். கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலில் காலையில் வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரும். அதுதான் நல்ல நேரம் என்று கண்டுபிடித்தாள். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டினாள். வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு வளைவாகத் தொங்கவிட்டாள். முயலுக்குப் பின்னால் சுவர், மேசை என்ற கோடே தெரியாமல் போயிற்று. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மூத்தவள் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "கிட்ட வாக்கா... இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி... ஹா, பாரு, நிழல் ஓடிப் போச்சு!" வெளிச்சம் அந்த அட்டையில் பட்டுத் திரும்பி, முயலின் இருண்ட கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நூல் பிசிறும் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். போன் கண்ணாடியை முந்தானையால் துடைப்பது, ஃபிளாஷை அணைப்பது, முயலின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுப்பது எல்லாம் அவளாகவே கற்றுக்கொண்டது. ஒரு படத்துக்கு இரண்டு பேரின் கையும் வேண்டியிருந்ததால் முயல் விற்க நெட்டில் தொடங்கிய தங்கள் பக்கத்துக்கு 'நாலு கை' என்று பெயர் வைத்தார்கள். பக்கம் இளையவளின் போனில் இருந்தது. மூத்தவளிடம் இருப்பது பட்டன் போன். கேட்டவர்களுக்கு முயலை அனுப்பி வைப்பதும் இளையவள் பொறுப்புத்தான்.

ஒரு நாள் காலையில், "அக்கா, பின்னிட்டே இரு, உன் கையையும் சேர்த்து எடுக்கறேன். கை இருந்தாத்தான் முயலோட அளவு தெரியும்" என்று எடுத்தாள். ரொம்ப நேரம், பக்கம் பக்கமாக மாறி எடுத்தாள். சாயங்காலம் கேட்டபோது, "சரியா வரலக்கா, ஆடிப் போச்சு" என்றாள். மூத்தவளும் விட்டுவிட்டாள். தழும்பு விழுந்த கையை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

இப்போது அவள் சலவைக் கடையிலிருந்து மூச்சிரைக்க வந்து நேராக மாடிக்கு ஏறினாள். இளையவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நம்ம முயலை எவளோ திருடிட்டாடி!"

மூத்தவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கடை, வகுப்பு, மாறிப்போன காது, வெண்ணெய்க் கை. இளையவள் நிமிராமல் ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நெட்டுல இதெல்லாம் சகஜம்க்கா. ஒருத்தி போட்டா ஒம்பது பேர் சுடுவாங்க."

"சகஜமா? வகுப்பு எடுக்கப் போறாளாம்டி! என் முயலைக் காட்டி!"

"நான் பாத்துக்கறேன். அந்தக் கடைக்காரம்மாவுக்கு நானே எழுதறேன். நீ நேர்ல போய் நிக்காத, என்ன? உனக்குப் பேசவும் வராது, கோவமும் அடங்காது. வீணா அசிங்கமாயிடும்."

"அந்தக் கை அழுகிப் போகணும்."

"ச்சீ, அப்படியெல்லாம் சொல்லாதக்கா" என்றாள் இளையவள் பதறி. திருட்டுச் சிறுக்கிக்குக்கூட இரங்குகிற மனசு என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். இறங்கிப் போகும்போது, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் இளையவள் தினமும் சாயங்காலம் வெளியே கிளம்பினாள். கம்ப்யூட்டர் வகுப்பு என்றாள். நல்லதுதானே, போகட்டும் என்று அவள் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டாள் மூத்தவள்.

குண்டக்காவுக்கோ பின்னல் ஆசை பிடித்துவிட்டது. "திருடியா இருந்தா என்ன, சொல்லித்தரா இல்ல?" என்று மூத்தவளிடம் நியாயம் பேசினாள். ஒரு நாள் சாயங்காலம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று முதலாளியிடம் சீக்கிரம் விடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் நம்ப வேண்டுமே என்று போனில் அந்த விளம்பரத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தேய்த்த உடுப்பைத் தோளில் வைத்துப் பார்க்க, வாடிக்கையாளர்களுக்காகச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. முதலாளி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைகளை மாட்ட வந்த மூத்தவள் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் போன். போனுக்குள் முயல். முயலுக்கு மடிந்திருந்தது இடது காது.

அவள் திரும்பி நேராகப் பார்த்தாள். வலது காது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். இடது காது. கண்ணாடியில் ஊசி இடது கையில் இருந்தது. அந்தக் கையின் சுண்டு விரல், வெளிப்பக்கம் பார்த்து, கோணலாக நின்றது.

அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் இருந்த கையைப் பார்த்தாள். தழும்பு ஒன்றுதான் இல்லை. தழும்பு இருக்க வேண்டிய இடம் மெழுகியதுபோல வழவழவென்று இருந்தது. இளையவளுக்கு அதெல்லாம் தெரியும். சார்ட் பேப்பரில் விழுந்த அழுக்குப் புள்ளிகளைப் போனிலேயே விரலால் தேய்த்து அழிப்பதை மூத்தவளே பக்கத்தில் நின்று பார்த்து அதிசயப்பட்டிருக்கிறாள். அழுக்கை அழிக்கத் தெரிந்தவளுக்குத் தழும்பை அழிக்கத் தெரியாதா? படத்தை இடவலமாகப் புரட்டத்தான் தெரியாதா?

சபித்தாளே, விளங்காமப் போக என்று. அழுகிப் போகணும் என்று. தன் கையையே சபித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான் போல. முகம் தெரியாத திருடி என்றால் திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம். தன் சோற்றுத் தட்டு தெரிந்தவள், தன் இருமல் தெரிந்தவள், தன் கனவு தெரிந்த ஒரே ஆள். மாட்ட வந்த சட்டைகள் தரையில் விழுந்ததை முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் கவனித்தாள்.

"கொஞ்ச நேரத்துல வந்துடறேன்" என்றாள். எங்கே என்று அவர் கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். விஷயம் புரியாமலே குண்டக்காவும் பின்னால் ஓடினாள்.

கைவினைக் கடையில் கூடைகள், மண் குவளைகள், சால்வைகள். ஓர் அலமாரித் தட்டு முழுக்க அவளுடைய முயல்கள் வரிசையாக உட்கார்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. யார் யாருக்கோ அனுப்பியதாக இளையவள் சொன்னவை. மாடிப்படிச் சுவரில் அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மூத்தவள் அதைத் தாண்டிப் படியேறினாள். மேலே இளையவளின் குரல் கேட்டது. அன்பான, பொறுமையான குரல்.

"நொட்டாங்கையில இது வராதும்மா. கையை மாத்துங்க."

"எனக்கு வலது கையில பிடிக்கவே வரலையே மேடம்" என்றது வேறொரு குரல்.

"பழகினா வரும். இந்த வேலை இடது கைக்குச் சரிப்படாது. நான் இத்தன நாளா செய்யறேன், எனக்குத் தெரியாதா?"

மூத்தவளுக்குக் கால் நின்றுவிட்டது. படத்தைப் புரட்டினாள், தழும்பை அழித்தாள், வகுப்பை எடுத்துக்கொண்டாள். அதற்கெல்லாம் ஆத்திரம்தான் வந்தது. இதற்கு அழுகை வந்தது. மாமியாரின் நாக்கைக் கட்டிப்போட்ட வாய், இப்போது மாமியாரின் சொல்லைச் சொல்கிறது. அதுவும் இடது கை பின்னிய முயலை மடியில் வைத்துக்கொண்டு.

அவள் உள்ளே போனாள். அரைவட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளையவளின் முகத்தில் ஈயாடவில்லை. மூலையில் நூல் பந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா, "யாரும்மா நீங்க? வகுப்புல சேரணுமா?" என்றார்.

இளையவள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரோட அண்ணி மேடம். எனக்குப் பஞ்சு அடைக்க, அது இதுன்னு ஒத்தாசை பண்ணுவாங்க."

பஞ்சு அடைக்க. மூத்தவள் என்னென்னவோ பேச வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். பேச வராது என்று இவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. இருமல்தான் வந்தது. இருமி முடித்துவிட்டு, "அந்தப் படத்துல இருக்கறது என் கை" என்றாள்.

கடைக்காரம்மா அவள் கையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, உண்மையிலேயே பார்த்தார். "படத்துல தழும்பு எதுவும் இல்லையேம்மா. அதுவும் ஊசி வலது கையில இல்ல இருக்கு? நீங்க இடது கைய காட்டறீங்க."

தன் கையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதை மூத்தவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "கீழ வாங்க" என்றாள். கடைக்காரம்மா வந்தார், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லோரும் வந்தார்கள். சால்வை போட்டுப் பார்க்க வைத்திருந்த கைக்கண்ணாடியை மூத்தவள் எடுத்து, பெரிய படத்துக்கு எதிரே பிடித்து, "இதுக்குள்ள பாருங்க" என்றாள். அலமாரியிலிருந்து ஒரு முயலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கடைக்காரம்மா முயலைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "தினம் தூசி தட்டி வைக்கிறேன், காது எந்தப் பக்கம்னு பாக்கலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூத்தவள் இடது கையை உயர்த்தி, ஊசி பிடிப்பதுபோல மடக்கினாள். சுண்டு விரல் தன் வழக்கப்படி வெளியே நின்றது. கண்ணாடிக்குள்ளும் நின்றது.

"அடிப்பாவி" என்றாள் குண்டக்கா.

இளையவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவங்க போன்ல கேட்டாங்கக்கா, முயல் பண்றது யாருன்னு. சத்தியமா உன்னைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நான்தான்னு வந்துடுச்சு. அப்புறம் வேலை செய்யற மாதிரி படம் கேட்டாங்க. நான் வலது கைன்னு பாத்தா தெரிஞ்சுடும்ல..." அழுதுகொண்டே பேசியவள் சட்டென்று நிமிர்ந்தாள். குரல் மாறியது. "போறவ வர்றவ எல்லாம் உன் முயல், உன் முயல்னாங்க. படம் எடுத்தது யாருன்னு ஒருத்தியாவது கேட்டாளா? நான் எடுக்கலன்னா உன் முயலை எவ பாத்திருப்பா?"

அது நிஜம்தான் என்பதுதான் மூத்தவளை இன்னும் கொன்றது. "கேட்டிருக்கலாமேடி" என்றாள். "படத்துக்குக் கீழ, எடுத்தது இவதான்னு உன் பேரைப் பெரிசா எழுதச் சொல்லி நானே சண்டை போட்டிருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

இளையவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை. கடைக்காரம்மா கொஞ்ச நேரம் முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வகுப்பு நீங்க எடுங்கம்மா. படத்தை மாத்திடலாம். உங்க கை இருக்கற மாதிரியே ஒண்ணு எடுத்து அனுப்புங்க" என்றார்.

அப்படியாக, மூத்தவளுக்கு விரும்பிய வேலை கிடைத்தது. அன்றைக்கே அந்த இடது கைக்காரப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே உட்கார வேண்டியிருக்கவில்லை. ஊசியை வாங்கி முதல் வளையத்தைப் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண் அப்படியே போட்டாள். முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்த ஞாபகம் வந்து, அவளுக்கு ஒரு கண்ணி தவறியது.

மறுநாள் காலையில் கணவனின் போனை வாங்கிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். வெள்ளைத் துணியைக் கட்டினாள். சார்ட் பேப்பரை வளைத்துத் தொங்கவிட்டாள். போன் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். இடது கையில் ஊசி. ஊசியில் முயலின் மடிந்த காது. வலது கையில் போன். தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கத்தான் கை இல்லை. சுவரில் சாய்த்து வைத்தாள், சரிந்தது. டப்பாவை முட்டுக் கொடுத்தாள். டப்பாவோடு சேர்ந்து சரிந்தது. "என்னடி உடையுது காலங்காத்தால?" என்றான் கணவன் உள்ளேயிருந்து. "ஒண்ணுமில்ல" என்றாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தெரிந்த சத்தம். பாதிப் படியில் வந்து நின்றது. இந்த நேரத்துக்கு வெளிச்சம் எப்படி இருக்கும், அட்டையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அந்தக் கால்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் வந்துவிடுவாள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவாளோ என்று மூத்தவளுக்குப் பயமாகக்கூட இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அதை நினைத்தபோது தன் மேலேயே கோபம் வந்தது. தெர்மாகோலைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

காலடிச் சத்தம் மேலே திரும்பிப் போனது.

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் தழும்பு நன்றாகத் தெரிந்தது. சுண்டு விரல் தெரிந்தது. முயலின் மடிந்த இடது காது தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் முயலின் பாதி முகம் கருத்துப்போய், கண்ணே இல்லாததுபோல இருந்தது. அதை எப்படிச் சரி செய்வது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு இன்னும் இரண்டு கை வேண்டும்.

அப்படியே அனுப்பி வைத்தாள்.